சபரும் சாவகாசமும்

நம் கடற்கரையூர்களில் சபர் என்னும் சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள். அடுப்பங்கரையில் வேறொரு பொருள். அரபு மொழியில் ஸஃபர் எனில் பயணம், அவ்வளவே. நம் வீட்டுப் பெண்களின் வாயில் அது பிழைப்பு. 'அவர் சபரில் இருக்கிறார்' என்று ஒருத்தி சொன்னால், அவள் கணவர் ஊர் சுற்றிப் பார்க்கிறார் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. கடல் கடந்து, பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து, கடையிலோ கிடங்கிலோ கால் கடுக்க நிற்கிறார், மாதந்தோறும் பணம் அனுப்புகிறார் என்றே கொள்வர். சபுராளி வீடு என்னும் வழக்கும் இதிலிருந்து பிறந்ததுதான். இச்சொல்லில் ஓய்வுக்கு நம் முன்னோர் இடமே வைக்கவில்லை.

அந்தச் சொல் இன்று சற்றே தடுமாறுகிறது. பட்டப்படிப்பு முடித்து ஈராண்டு வேலையும் பார்த்துவிட்ட பிள்ளை ஒருவர், முதுகில் மாட்டும் பையொன்றை வாங்கிவந்து வைத்துக்கொண்டு, 'வாப்பா, பத்து நாள் பினாங்குக்குப் போய் வருகிறேன்' என்கிறார். யாரைப் பார்க்க? எவரையும் பார்க்க அன்று. என்ன வாங்க? ஒன்றும் வாங்க அன்று. சும்மா இருந்துவிட்டு வர. தந்தைக்கு இது விளங்கவில்லை. நம்மிடம் ஓதிய மாணவர் அவர். ஆகையால் நமக்கு எழுதிக் கேட்டார்: 'இவன் பாட்டனார் அதே பினாங்கில், அதே சூலியா தெருவில், பதினெட்டு வயதில் மூட்டை சுமந்தார். இவன் அங்கே போய்ச் சும்மா இருப்பேன் என்கிறானே, இது கூடுமா? வீண்விரயமாகாதா?'

வினா ஒருவருடையதாயினும் விடை தேட வேண்டிய குடும்பங்கள் பல. ஆதலின் சற்று விரித்தே எழுதுகிறோம்.

பினாங்குத் தீவில் ஃபிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் 1786இல் கொடி நாட்டி ஜார்ஜ் டவுன் நகரை அமைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1794இல், அவர் தம் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் அங்கிருந்த சூலியாக்களைப் பற்றிக் கூறுகிறார். அங்கேயே குடியிருப்போர் ஓராயிரம் பேர் என்றும், அவர்களன்றி ஆண்டுதோறும் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவந்து இறக்குகின்றன என்றும், அவர்கள் வாணிகமும் எல்லாவகைக் கூலிவேலையும் செய்து சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வந்துவிடுகின்றனர் என்றும் குறிக்கிறார். சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களுக்குப் பிறர் வைத்த பெயர். இருநூறாண்டுக்கு மேலான நம் சபரின் வரலாறு முழுவதும் அந்தச் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. 1801இல் கப்பித்தான் காதர் முகையதீன் அங்கே பள்ளிவாசலை எழுப்பினார். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூர் ஆண்டகையின் நினைவாகச் சூலியா தெருவில் தர்கா ஒன்றும் எழுந்தது. பிறகு 'ரஜூலா'க் கப்பல், அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் என்று நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் எத்தனை தலைமுறை! 1985இல் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிந்துபோயிற்று.

நம்மவர் கப்பலேறியது குறைந்த அதே காலத்தில் வேறொரு வகைப் பயணிகள் அத்தெருவுக்கு வரலாயினர். 1970களில் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இளைஞர்கள் முதுகில் ஒரு பையோடு தரைவழியாக ஆசியாவைச் சுற்றி வந்தனர். இவர்களுக்கென்றே தென்கிழக்காசியாவைக் குறைந்த செலவில் சுற்றும் வழிகாட்டி நூல் 1975இல் வெளிவந்தது. தாய்லாந்திலிருந்து ரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, படகில் கால்வாயைக் கடந்தால் ஜார்ஜ் டவுன். சூலியா தெருவிலும் அதிலிருந்து பிரியும் லவ் லேன் என்னும் சந்திலும் சீனர்களின் பழைய விடுதிகளில் மலிவாகப் படுக்கை கிடைத்தது. தாய்லாந்துக்குத் திரும்பிப் போவதற்கான விசாவையும் இந்நகரிலுள்ள அந்நாட்டுத் துணைத் தூதரகத்தில் பெற முடிந்தது. விசாவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் உடை துவைப்பர், உறங்குவர், உண்பர், கடிதம் எழுதுவர். ஆகவே அவர்களுடைய நெடும்பயணத்தில் ஜார்ஜ் டவுன் மூச்சு வாங்கும் இடமாயிற்று. இன்றும் அப்படித்தான். கொரியா, ஜப்பான் நாட்டுப் பிள்ளைகளும் இப்போது அவர்களுள் உண்டு. நம் நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

நாம் 2018இல் உறவினர் ஒருவர் அழைத்ததால் அந்நகரில் சில நாட்கள் தங்கியிருந்தோம். சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து சூலியா தெரு வழியாக நடப்போம். அங்குள்ள கடைவீடுகளின் முன்னே, மேல்மாடியின் நிழலில், தெரு நெடுகிலும் ஒரு நடைவழி செல்லும். மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்பர். நம்மவர் 'அஞ்சடி' என்பர். இரண்டுக்கும் பொருள் ஐந்தடியே. வெயிலுக்கும் மழைக்கும் அதுவே ஒதுங்குமிடம். அந்த அஞ்சடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீர்க் கோப்பை ஆறுவதுகூடத் தெரியாமல், மடியில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்து, அதையும் படிக்காமல் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்த்தோம். லுஹருக்குப் போகும்போதும் இருப்பார்கள். அஸருக்குப் போகும்போதும் இருப்பார்கள். மாலையில் கடற்கரைத் திடலில் காற்று வாங்குவார்கள். மறுநாளும் அதுவே.

'காற்று வாங்குதல்' என்று எழுதும்போதே ஒரு வேடிக்கை தோன்றுகிறது. உலாவப் போவதையும் விடுமுறை கழிப்பதையும் மலாய்க்காரர் 'மாக்கான் ஆங்கின்' என்பர். சொல்லுக்குச் சொல் காற்றைத் தின்னுதல். அவர்கள் தின்கிறார்கள், தமிழர் நாம் வாங்குகிறோம். வணிகக் குடியினர் ஆதலின் காற்றையும் வாங்கித்தான் பழக்கம் போலும். வாங்கினால் விலை உண்டு. அந்த விலை என்ன, அதைக் கொடுப்பவர் யார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன், வாங்கலாமா என்ற தந்தையின் கேள்வி இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் பயணத்தின் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். கல்விக்காகப் போவது, வணக்கத்துக்காகப் போவது, மார்க்கத்துக்கு இடையூறானதிலிருந்து விலகிப் போவது, உடலுக்குத் தீங்கானதிலிருந்து தப்பிப் போவது எனப் பயணத்தைப் பகுத்துச் செல்லும் அவர்கள், வேலை செய்யச் சோம்பி, அலைவதையே ஞானமெனக் காட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்த தம் காலத்துத் துறவியரை மிகக் கடுமையாகவே சாடுகிறார்கள். இவ்விடத்தைக் காட்டி, 'பார்த்தீர்களா, சும்மா சுற்றுவது ஆகாது' என்பார் நம் பெரியவர்களில் உண்டு. ஆனால் இமாமவர்கள் சாடியது, பொய்யான பக்தி வேடத்தில் பிறர் உழைப்பில் உண்பதையன்றோ? அந்தப் பிள்ளை ஞானி வேடம் போடவில்லை. தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் போகிறேன் என்கிறான். பக்தாதின் பெரும் பதவியை 1095இல் துறந்து வெளியேறி டமாஸ்கஸில் தனித்திருந்தவர் இமாமவர்களேதாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இதைவிட நேராக நம் வினாவைத் தொடும் ஒரு சட்டம் உண்டு. சபையில் அதிகம் பேசப்படாதது. பயணி தொழுகையைச் சுருக்கலாம் என்பதை அனைவரும் அறிவோம். அச்சலுகைக்கு ஷாஃபிஈ மத்ஹபின் பிற்காலச் சட்ட நூல்கள் ஒரு நிபந்தனை வைக்கின்றன: பயணத்துக்குச் சரியான நோக்கம் ஒன்று இருக்க வேண்டும், எங்கே போகிறோம் என்றே இல்லாமல் அலைபவனுக்குச் சலுகையில்லை. சரி, மனத்தின் இறுக்கம் தளரும்பொருட்டு இனிய இடமொன்றுக்குப் போகிறானே, அவன்? அது சரியான நோக்கமே என்கின்றனர் அவ்வறிஞர்கள். 'தனஸ்ஸுஹ்' என்று அதற்குப் பெயர். ஊர்களைப் பார்த்தேன் என்பதற்காகவே ஊர்களைப் பார்ப்பவனோ? அது நோக்கமாகாது என்றுவிடுகின்றனர்.

இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குப் பாடம் சொன்ன காலத்தில் நாம் பெரிதாக எண்ணியதில்லை. ஏதோ நுணுக்கம் என்று கடந்து போவோம். சூலியா தெருவின் அஞ்சடியில்தான் அதன் கூர்மை தென்பட்டது. இருபது நாளில் ஆறு நாடுகள், நாளொன்றுக்கு நான்கு கோயில்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு புகைப்படம் என்று பறக்கும் சுற்றுலாக்காரர் மிகுந்த சுறுசுறுப்பாளர். எவரும் அவரைச் சோம்பேறி என்பதில்லை. ஓரிடத்தில் அமர்ந்துவிட்ட முதுகுப்பைக்காரனையே சோம்பேறி என்கிறோம். சட்ட அறிஞர்களின் தராசிலோ, ஊர்களை எண்ணிக்கொண்டிருப்பவருடைய பயணம் எடையற்றது. எண்ணுவதை நிறுத்தி உள்ளத்துக்கு ஓய்வு தேடியவனுடையதே எடையுள்ளது. நோக்கத்தை அவர்கள் கால்களின் வேகத்தில் தேடவில்லை.

உடலுக்கு உன்மீது உரிமையுண்டு என்பது ஸல்மான் ஃபார்ஸி (ரலி), அபூதர்தா (ரலி) ஆகிய தோழர்களின் வரலாற்றில் நாம் கேட்டுப் பழகிய செய்தி. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாயிருந்த நண்பரை ஸல்மான் உறங்கச் சொன்னார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது உண்மையென்றார்கள். வணக்கத்துக்கே இந்த வரம்பென்றால் வருவாய்க்கு எவ்வளவு! நம்மவர் ஓய்வே எடுக்காதவரும் அல்லர். சாரல் காலத்தில் குடும்பம் குடும்பமாகக் குற்றாலம் போகிறோம். அதற்கு எவரும் எந்த ஆலிமிடமும் தீர்ப்புக் கேட்டதாக நாம் அறியோம். பிள்ளை தனியாகப் போகிறான், முதுகில் பையோடு போகிறான், போகுமிடம் பாட்டன் சுமை தூக்கிய இடம் என்பதே தந்தையை உறுத்துகிறது. அது பாசத்தின் உறுத்தல், மதிக்கத்தக்கது. ஆனால் பாட்டனார் சுமை தூக்கியது பேரனும் தூக்க வேண்டுமென்பதற்காக அன்று. லவ் லேனில் மதுக்கடைகள் இருக்கின்றனவே என்றும் அன்பர் எழுதியிருந்தார். விலக்கப்பட்டது எங்கும் விலக்கப்பட்டதுதான். அதற்குத் தனிக்கட்டுரை வேண்டா.

ஆகவே, வாங்கலாம். இனி விலையைப் பார்ப்போம்.

பயணியின் சலுகை அவன் படும் துன்பத்தைப் பொறுத்ததன்று. பல்லக்கில் சாய்ந்தபடி பயணம் செய்யும் அரசனும் தொழுகையைச் சுருக்கலாம். ஊரிலேயே இருந்து நாளெல்லாம் கல்லுடைக்கும் கூலியாள் சுருக்கக் கூடாது. கேட்பதற்கு நியாயமில்லாததுபோல் தோன்றும். துன்பம் அளக்க முடியாதது; பயணம் அளக்கக்கூடியது. ஆகவே அளக்கக்கூடியதையே சட்டம் பற்றிக்கொண்டது. அளவு என்று வந்துவிட்டால் முடிவும் வரவேண்டுமன்றோ? வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுதாய் நான்கு நாட்கள் ஓரூரில் தங்குவதென எண்ணங்கொண்டவன், ஷாஃபிஈ மத்ஹபின்படி, அவ்வூரை அடைந்ததுமே பயணி அல்லன், 'முகீம்', தங்கியிருப்பவன். ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாட்கள். அவன் தொழுகையை முழுமையாகத் தொழ வேண்டும். ஜும்ஆவும் அவன்மீது கடமையாகிவிடும். ஆயினும் ஜும்ஆ நிறைவேற வேண்டிய நாற்பது பேரில் ஷாஃபிஈகள் அவனைச் சேர்ப்பதில்லை. அந்த நாற்பதில் சேர வேண்டுமானால் 'முஸ்தவ்தின்' ஆக வேண்டும்; அதாவது அவ்வூரையே தன் ஊராக்கிக்கொண்டவன்.

இந்த மூன்று படிகளையும் பினாங்கில் கண்ணால் காணலாம். வந்து போனவர், தங்கியவர், அங்கேயே மண்ணானவர் என்று நம் குடும்பங்களின் கதையே இதுதான். கப்பித்தான் காதர் முகையதீனின் பள்ளி மூன்றாம் படியினரின் அடையாளம். அந்தப் பள்ளியின் அருகிலேயே 1818இல் எழுந்த ஆங்கிலேயரின் மாதா கோயிலும், சீனரின் கோயிலும், 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்தாரும் எந்த நாளில் பயணியாயிருப்பதை நிறுத்தினர் என்பதைக் கூறும் கட்டடங்கள் அவை.

முதுகுப்பைக்காரர் இந்தப் படிகளுக்கு நடுவே ஓர் இடத்தைத் தேடிக்கொண்டார் என்பதே நம் கருத்து. பயணிக்குரிய விடுதலை அவருக்கு வேண்டும். எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எந்தச் சண்டையும் தன்னுடையதன்று, எந்தக் குப்பையும் தன் வீட்டு வாசலில் இல்லை. உள்ளூராருக்குரிய இளைப்பாறலும் அவருக்கு வேண்டும். வழக்கமான நாற்காலி, வழக்கமான தேத்தண்ணீர், பெயர் சொல்லி அழைக்கும் கடைக்காரர். ஊரின் சுகம் உண்டு, ஊரின் சுமை இல்லை. ஒருவர் ஒரு வாரம் இப்படி இருப்பதால் யாருக்கும் கேடில்லை. ஆண்டு முழுவதும் ஒருவர் பின் ஒருவராக இருந்துகொண்டேயிருந்தால்?

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளுக்கு வாடகை உச்சவரம்பு இருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் குடியிருந்தோர் மிகக் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். தட்டார், கூடை முடைவோர், பெயர்ப்பலகை செதுக்குவோர், மாவு அரைப்போர் எல்லாம் நகரின் நடுவிலேயே இருக்க முடிந்தது அதனால்தான். அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு பாதுகாப்பு முடிந்தது. வாடகை பன்மடங்காயிற்று, குடும்பங்கள் வெளியேறின. 2008இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவோடு சேர்த்து அந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வீட்டுச் சுவர்களில் தீட்டிய படங்களைக் காணக் கூட்டம் சேர்ந்தது. வெறுமையான வீடுகள் விடுதிகளாயின; காப்பிக் கூடங்களாயின. எந்த வாழ்க்கையின் அழகுக்காக அந்நகரைப் பாதுகாக்க வேண்டுமென்றனரோ, அந்த வாழ்க்கையை நடத்தியவர்கள் பலர் அதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டனர்.

இதற்குப் பத்துக் கிலோப் பையோடு வந்த பிள்ளை குற்றவாளியா? இல்லை. சட்டத்தை நீக்கியவன் அவனல்லன். வாடகையை ஏற்றியவனும் அவனல்லன். பழைய சட்டமும் குறையற்றதன்று. கூரை ஒழுகினாலும் செப்பனிட வீட்டுக்காரருக்கு வருவாயில்லாமல் செய்தது அது. ஆனால் குற்றமில்லை என்பதும் கடனில்லை என்பதும் ஒன்றல்ல. அவன் படுத்துறங்கும் அடுக்குக் கட்டில் கிடக்கும் அறையில் முன்பு ஒரு குடும்பம் இருந்திருக்கலாம். விடுதிக்காரருக்குப் படுக்கையின் விலையைக் கொடுத்துவிட்டான்; மெய்தான். அடுத்த வீட்டு மாடியில் இன்னும் எஞ்சியிருக்கும் மூதாட்டிக்கு, நள்ளிரவில் இவர்கள் சிரிக்கும் சிரிப்புக்கு எவர் விலை கொடுத்தார்? விருந்தினர் உரிமை மூன்று நாள் என்றும், வீட்டாரை நெருக்கும் அளவுக்கு விருந்தினர் தங்குவது ஆகாதென்றும் நபிமொழி வரம்பிடுகிறது. காசு கொடுத்துத் தங்குபவனுக்கு இது பொருந்தாது என்பார்கள். அவன் காசு கொடுத்தது ஒரு வீட்டாருக்கு, தங்கியிருப்பதோ ஊராரிடம்.

அப்படியானால் அவன் என்ன செய்ய வேண்டும்? இதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்க்குமாறு பெருமானார் (ஸல்) ஒருமுறை தோழர்களிடம் கூறினார்கள். எங்களுக்கு வேறு இடமில்லையே, அங்குதானே கூடிப் பேசுகிறோம் என்று அவர்கள் முறையிட்டனர். அவ்வாறாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் அண்ணலார். அது யாதெனக் கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்கு மறுமொழி கூறுவது, நல்லதை ஏவித் தீயதைத் தடுப்பது என்று விளக்கினார்கள். உட்காராதே என்று முடிக்கவில்லை. வேறிடமில்லாதவனின் நெருக்கடியை ஏற்று, உட்காருவதற்கு ஒரு கடனை வைத்தார்கள். அஞ்சடியில் நாற்காலி போட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு நமக்குத் தெரியவில்லை. பார்வையைத் தாழ்த்துவது என்பதில் திறந்த கதவுக்குள்ளே புகைப்படக் கருவியை நீட்டாதிருப்பதும் அடங்கும். தொல்லை தராதிருப்பதில் நடைவழியைப் பையால் அடைக்காதிருப்பதும், பெரிய ஊதியக்காரன் சின்னத் தட்டுக்கடையில் ஒரு வெள்ளிக்காக வாதாடாதிருப்பதும் அடங்கும். சொந்த ஊரில் வசதியிருந்தும் வழியில் கையற்றுப் போனவனுக்கு ஜகாத்தில் பங்குண்டு என்று மார்க்கம் வழிப்போக்கனுக்கு இரங்கியது. அந்த இரக்கத்தைப் பயணச் செலவுக்கு வழியாக்கிக்கொண்டு தெருவோரம் தட்டேந்தும் வெளிநாட்டு இளைஞர் சிலர் அண்மை ஆண்டுகளில் ஆசிய நகரங்களில் தென்பட்டனர். அவர்களைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

ஸலாமுக்கு மறுமொழி கூறுவது என்னும் பகுதிக்கு வருகிறோம். நம் பிள்ளைகளுக்கு அது மற்றவரைவிடக் கூடுதலாகப் பொருந்தும்.

நாம் அங்கிருந்தபோது ஒரு நாசி கண்டார் கடைக்கு அவ்வப்போது போவோம். காவடிபோல் தோளில் தடி வைத்து, இருமுனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டு, துறைமுகக் கூலிகளுக்கு நம்மவர் விற்ற உணவு அது. அந்தச் சுமைத்தடியின் பெயரே உணவின் பெயராயிற்று. கடையின் வாசலில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவன், முதுகுப்பையைக் காலடியில் வைத்து, இரண்டு மணி நேரமாக ஒரு கோப்பையோடு அமர்ந்திருந்தான். அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தவன் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான். இருவருக்கும் இருபத்து நான்கு வயதுக்கு மேலிராது. ஒரே மொழி. ஆயினும் அமர்ந்திருந்தவன் ஆங்கிலத்தில் கேட்டான். நின்றவன் மலாயில் சொன்னான்.

கூட்டம் குறைந்தபின் நின்றவனை அழைத்துப் பேசினோம். வந்து இரண்டாண்டு ஆகிறதென்றான்.

"மலை ரயிலில் போய்ப் பார்த்தாயா, தம்பி?"

"எங்கே ஆலிம்சா? ஜும்ஆவுக்கு விடுவாங்க. தொழுதுட்டு ஓடி வரணும். மாசத்துல ரெண்டு நாள் லீவு; துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாப் போயிரும்."

"தொழுகை சுருக்கியா, முழுசாவா?"

"முழுசாத்தான் தொழுறேன். நான் சபராளி இல்லையே இப்போ."

சட்டம் அவனுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. ஊரில் அவனைச் சபுராளி என்பார்கள். மார்க்கச் சட்டத்தில் அவன் முகீம். பினாங்கின் மலை உச்சி 800 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அடிவாரத்திலிருந்து ரயில் 1923 முதல் ஓடுகிறது. சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடும். உலகின் மறுகோடியிலிருந்து வருபவரெல்லாம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகின்றனர். அதைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி இரண்டாண்டைக் கழித்தவன் இவன்.

அமர்ந்திருந்த பிள்ளையின் ஓய்வைக் கண்டு நமக்குச் சினம் எழவில்லை. அவனுடைய ஓய்வு நியாயமானதே என்று மேலே நிறுவியிருக்கிறோம். ஆனால் அந்த ஓய்வு, தனக்கு ஓய்வில்லாத ஒருவனின் கையால் கோப்பையில் வந்து சேர்ந்தது. எந்த ஊரிலும் எந்த ஓய்வும் அப்படித்தான் வருகிறது. வீட்டில் நாம் சாய்ந்து படிப்பதும் அடுப்பங்கரையில் ஒருத்தி நிற்பதால்தான். வெளியூரில் அது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆகவேதான் பார்க்காமலிருப்பதற்குச் சற்று முயற்சியும் வேண்டியிருக்கிறது. பயணம் மனிதரின் குணத்தைத் திரை விலக்கிக் காட்டுவதாலேயே அதற்கு ஸஃபர் என்று பெயரென அறிஞர் கூறுவர். நடக்கும்போது மட்டுமா, அமர்ந்திருக்கும்போதும் அது காட்டுகிறது.

நமக்கு எழுதிய அன்பருக்கு இவ்வாறு மறுமொழி எழுதினோம். பிள்ளை போகட்டும். பத்து நாள் ஒரே ஊரில் என்று எண்ணிப் போவதால் அங்கே போய்ச் சேர்ந்ததுமே தொழுகை முழுமை, ஜும்ஆவும் உண்டு. பாட்டனார் சுமை தூக்கிய துறைமுகத்துச் சாலையையும் ஒருமுறை நடந்து பார்த்துவரட்டும். அழுவதற்காக அன்று, எவ்வளவு தொலைவு என்று தெரிந்துகொள்வதற்கு. கோப்பை கொண்டுவந்து வைக்கும் கை நம் ஊர்க் கையானால், தமிழில் ஊரைக் கேட்கட்டும்.

இவ்விதழை வாசிப்போரில் பினாங்கில் கடை நடத்தும் குடும்பத்தினரும் இருப்பர். அவர்களுக்கும் ஒரு சொல். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளிக்கு வாரத்தில் முழுதாய் ஒரு நாள் ஓய்வை உரிமையாக்கியிருக்கிறது. மாதத்தில் இரண்டு நாளன்று. உங்களிடம் பணிபுரிவோரின் சக்திக்கு மீறிச் சுமத்தாதீர் என்பது அதற்கும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் முந்தியது. மலை ரயில் காலையில் வேளையோடே ஓடத் தொடங்கிவிடுகிறது. சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் உச்சியில் இருக்கலாம்.